அட்சய பாத்திரமும் ஆளில்லாத் தீவும்

கடல் கடந்து சென்று பொருளீட்டி, தலை நரைத்தபின் பிறந்த மண்ணுக்கே மீண்டு வருவதென்பது யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு நேற்று இன்று ஏற்பட்ட வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றுத் தேறிய யாழ்ப்பாணத்து வாலிபர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் லிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் உத்தியோகம் ஏற்றுக் கப்பலேறத் தொடங்கிவிட்டார்கள். தீவுப் பகுதி மக்களும் அவ்வரிசையில் பின்தங்கி நிற்கவில்லை. இவர்கள் ஐம்பத்தைந்து வயதளவில் உபகாரச் சம்பளத்தோடு ஊர் திரும்பி, ‘மலாயன் பென்சனியர்’ என்ற மரியாதையான பெயரோடு, முன்விறாந்தை வைத்த கல்வீட்டில் சாய்மனைக் கதிரை போட்டு அமர்ந்து, காலையில் கோயிற் காரியமும் பகலில் பாடசாலை முகாமைக் காரியமும் மாலையில் வாசிகசாலையில் ‘ஈழகேசரி’யுமாகத் தம் அந்திம காலத்தை நடத்தினார்கள். சிங்கப்பூரிலும் ஈப்போவிலும் முப்பதாண்டு வாழ்ந்தவர் என்பதற்கு அவருடைய கைப்பிரம்பும், சாப்பாட்டு மேசையில் அவர் எதிர்பார்த்த நேர ஒழுங்கும் மாத்திரமே சாட்சிகளாக எஞ்சியிருக்கும். மற்றபடி ஓரிரு மாரிகளுக்குள் அவர் ஊரோடு ஊராகக் கலந்துவிடுவார்.

அவர்களுக்கு அது இலகுவாக வாய்த்ததற்குக் காரணம் அவர்களுடைய சாமர்த்தியம் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஊர் என்பது அப்போது முழுமையாக இருந்தது. தமையன் வீடு வடக்கு வேலியிலும் மைத்துனன் வீடு தெற்கு வேலியிலும் இருந்தன. கிணற்றில் துலா இருந்தது. துலா மிதிக்க ஆள் இருந்தது. செத்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பவும் கலியாண வீட்டுக்குப் பந்தல் போடவும் கிரமம் தவறாத ஒரு சமுதாயம் இருந்தது. அந்தச் சமுதாயத்தில் வருணத்தின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதிகள் நிறைந்திருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன். ஆயினும், சென்றவனுடைய இடத்தை அது காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

இன்று ஸூரிச்சிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் தீவகத்துக்கு மீண்டு வருகிறவருடைய நிலைமை இதற்கு நேர் விரோதமானது. அவர் வந்து சேரும் இடத்தில் ஊர் இல்லை, அல்லது ஊரின் ஒரு சிறு சேஷந்தான் இருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதைத் தீவார் ஒருவருக்கும் எடுத்துரைக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகருக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். 1985 மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றிப் பிரயாணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலான இடங்களில் இராணுவம் வந்திறங்கியது. அப்போது பிடித்துச் செல்லப்பட்டவர்களுள் பலரைப் பற்றிய செய்தி அவர்களுடைய தாய்மாருக்கு இன்றுவரை கிட்டவில்லை. மறு ஆண்டு ஒக்டோபரில் வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களும் படையினர் வசமாயின. சனங்கள் உடுத்த துணியோடு குடாநாட்டுக்குள் ஓடினார்கள். குடாநாடும் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி பெயர்ந்தபோது அதே சனங்கள் இரண்டாம் முறையாக வன்னிக்கு நடந்தார்கள். அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஐரோப்பா, கனடா. அல்லது இராமேசுவரத்துக்குப் படகேறித் தமிழ்நாட்டு முகாம்கள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஒரு பகுதியினர் பெயராமல் எஞ்சினார்கள். புங்குடுதீவோ காற்று மாத்திரம் குடியிருக்கும் ஊராயிற்று. அவ்வூரின் மைந்தரான கவிஞர் சு. வில்வரத்தினம் 1995இல் வெளியிட்ட நூலுக்குக் ‘காற்றுவழிக் கிராமம்’ என்று பெயரிட்டது கவிஞனுடைய அலங்காரத்தால் அன்று. அவர் பார்த்ததைச் சொன்னார்.

இப்போது பாதைகள் திறந்துவிட்டன. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகித் தொற்றுக்காலத்தில் முடங்கி, 2022 டிசம்பரில் மறுபடியும் சென்னையோடு தொடர்பு பெற்றது; 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் தெரு மண்டைதீவைத் தொட்டு வேலணைக்கும், வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்கும், அதன் மேற்கு முனையான குறிகட்டுவான் துறைக்கும் கொண்டுபோய் விடுகிறது. அத்துறையில் நின்றால் நயினை நாகபூஷணி அம்மன் கோயிலின் கோபுரம் கண்ணுக்கெதிரே தெரியும். நெடுந்தீவுக்குப் போகிறவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அலையில் ஆடவேண்டும். ஆடி மாதத்துச் சோழகம் வீசும்போது அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பது ஏறியவருக்குத்தான் தெரியும்.

வந்து சேருவது சுலபம். வந்து நிலைப்பதற்குத்தான் பிரயத்தனம் வேண்டியிருக்கிறது. அதன் முதற்படி காணி உறுதி.

யாழ்ப்பாணத்து உடைமை முறையைத் தேசவழமை ஆள்கிறது. ஒல்லாந்தர் 1707இல் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைக் கொண்டு தொகுப்பித்து, ஆங்கிலேயர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட அந்த வழமையில், பங்காளிக்குத் தெரியாமல் பங்குக் காணியை அந்நியனுக்கு விற்க இயலாது. பங்காளிகள் ஒரே தெருவில் குடியிருந்த காலத்துக்கு அது மிகவும் உசிதமான ஏற்பாடு. இன்றோ ஒரு வளவுக்கு உரிய ஏழு பங்காளிகள் நான்கு கண்டங்களில் இருக்கிறார்கள், ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவருடைய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வளவு உண்டென்பதே தெரியாது. ஒவ்வொருவரிடமும் அட்டோனித் தத்துவம் பெற்று, நொத்தாரிசிடம் போய், காணிக் கந்தோரில் பழைய பதிவு தேடி, நில அளவையாளரைக் கொண்டு எல்லை பிடிப்பதற்குள் திரும்பி வந்தவருடைய விடுமுறை முடிந்துவிடும். பத்தாண்டு இடையூறின்றி ஆண்டவனுக்கே காணி உரித்தாகும் என்ற ஆட்சியுரிமைச் சட்டம் வேறு அச்சுறுத்துகிறது. ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாதிருந்த 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்று 2016இல் விசேட சட்டம் ஒன்று வந்தது. ஆயினும், நியாயஸ்தலத்துக்குப் போய் அதைக் கேட்கத் திராணியும் தகவலும் உள்ளவர் சிலரே.

பிரஜாவுரிமை இன்னொரு முடிச்சு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேறொரு தேசத்தின் பிரஜையாகிறவன் இலங்கைப் பிரஜை என்ற அந்தஸ்தை இழந்துவிடுகிறான். இரட்டைக் குடியுரிமை என்ற வாயில் பின்னர் திறக்கப்பட்டு, 2011இல் அடைக்கப்பட்டு, 2015இல் மறுபடியும் திறந்தது. அதைப் பெறாதவர், தாம் பிறந்த தீவில் விருந்தினருக்குரிய விசாவில் வந்து இறங்குகிறார். பரம்பரை வழியாக வந்த காணி அவருக்கு உண்டு, புதிதாக அரை ஏக்கர் வாங்குவதென்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டு முகாமிலிருந்து மீளுகிறவர்களுடைய சங்கடம் இதனினும் பெரிது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவும் குடியுரிமைப் பதிவும் ஒழுங்காக இல்லாவிட்டால், பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதே ஒரு வழக்காகிவிடும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவரைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு மண்டபத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வருகிறவரைப் பற்றி எழுதப்படுவதில்லை என்பது என் மனத்தை வருத்தும் விஷயம். கையில் காசில்லாமல் திரும்பி வருகிறவர்கள் அவர்கள். நிரந்தரமாகத் தங்கிவிடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மேல்நாட்டிலிருந்து வருகிறவருக்கோ போகும் வழியும் திறந்தே இருக்கிறது. அதுவே அவருக்குப் பெரிய தளையாகிறது. கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் ஐந்தாண்டில் 730 நாளாவது அங்கே இருந்தாக வேண்டும். சுவிஸ் நாட்டின் குடியிருப்பு அனுமதி, முன்கூட்டி விண்ணப்பியாமல் ஆறு மாதம் வெளியே தங்கினால் அற்றுப்போகும். பிரித்தானியாவின் அரச ஓய்வூதியம் இலங்கையில் வசிப்பவருக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. ஆகவே அங்கே பனி கொட்டும் மாதங்களில் இங்கேயும், இங்கே வெயில் கொளுத்தும் மாதங்களில் அங்கேயுமாக வாழும் ஒரு கூட்டத்தார் உருவாகி வருகிறார்கள். அவர்களைக் கண்ட ஊரார் கேட்பது ஒரே கேள்விதான்: “எப்ப வந்தனீங்கள்? எவ்வளவு நாள் நிற்பியள்?” அன்பாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி, இங்கேயே இருந்துவிடலாம் என்று வந்தவருடைய நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

என் பெரியப்பாவின் மகன், பேர்ண் நகரத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் தம் யௌவனம் முழுவதையும் கழித்தவர், வேலணைக்கு வந்து தங்கிவிடத் தீர்மானித்தபோது முதலில் கை வைத்தது கிணற்றில். வீட்டின் ஓடுகள் எவனாலோ கழற்றப்பட்டிருந்தன. நிலையும் கதவும் போயிருந்தன. சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று ஒன்று நின்றது. கிணறு மாத்திரம் ஆச்சரியப்படத்தக்க வண்ணம் துப்புரவாயிருந்தது. பக்கத்து வளவில் குடியிருந்த ஆச்சி, இவ்வளவு காலமும் அதைத்தான் அள்ளிக் குடித்து வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் பிடித்துக் கலக்கி இறைத்தும் வந்தார். அண்ணை அதை அவ்வளவாகக் கவனத்தில் எடுக்காமல், பட்டணத்திலிருந்து வலுவான மோட்டர் ஒன்று வாங்கி வந்து பூட்டி, புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகளுக்கும் வீட்டு வேலைக்கும் காலையிலிருந்து மாலை வரை இறைத்தார். ஆச்சி வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்: “தம்பி, இப்பிடி ஒரேயடியா இறைச்சா உப்பு ஏறிப்போம். விட்டு விட்டு இறையுங்கோ.” மூன்றாம் வாரம் தேநீர் கரித்தது.

தீவகத்தில் ஆறில்லை, மலையில்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய ஆடையாக மிதந்து நிற்கிறது. துலாவும் பட்டையும் அந்த ஆடையைக் கிழிக்காமல் மேலாக மொண்டன. இயந்திரம் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது கீழேயுள்ள உவர் மேலெழுந்து வந்துவிடுகிறது. கணக்கும் விஞ்ஞானமும் படித்து அறிய வேண்டிய இந்த விஷயத்தை அந்த ஆச்சி நாக்கினால் அறிந்திருந்தார். அண்ணை மோட்டரை நிறுத்தி, அடுத்த மாரி மட்டும் பவுசரில் தண்ணீர் வாங்கினார். கிணறு யாருடையது என்ற கேள்விக்கு உறுதியில் ஒரு விடை இருந்தது. அதைக் குடிநீராகக் காப்பாற்றி வைத்திருந்தவர் உறுதியில் பெயரில்லாத ஒருவர்.

கிணறு என்றதும் மு. தளையசிங்கத்தை நினையாமல் அப்பாற்செல்ல என்னால் இயலவில்லை. புங்குடுதீவில் பிறந்து ஈழத்து இலக்கியச் சிந்தனைக்குப் புதுவழி காட்டிய அவர், 1971இல் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக நின்று அடிபட்டார். நாற்பது வயதை எட்டுமுன்னரே 1973இல் மறைந்தார். அந்நிய தேசத்தில் தோலின் நிறம் காரணமாகத் தாம் பட்ட அவமானத்தைப் பற்றிக் கண்கலங்கச் சொல்லும் ஒருவர், ஊருக்கு வந்ததும் பழைய வேலிகளையும் பழைய குறிச்சிகளையும் அப்படியே மறுபடி நாட்ட முயல்வாரானால், அவர் இழந்துபோன எதை மீட்க வந்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. போருக்குப் பின் தீவில் எஞ்சியவர்களுள் பெரும்பகுதியினர், வெளியேற வசதியில்லாத ஏழைகள், பாரம்பரியமாகக் காணியில்லாதவர்கள். அவர்கள் காத்து நின்ற ஊருக்குள்தான் மற்றவர்கள் திரும்பி வருகிறார்கள்.

மணிமேகலைக் காப்பியத்து மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர். அக்கதையில் மணிமேகலையை யாவரும் அறிவர். ஆபுத்திரனை நினைப்பவர் குறைவு. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறிய அவன், இடையில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. தீவில் ஒருவரும் இல்லை. உலகத்தையே ஊட்டவல்ல பாத்திரம், ஊட்டப்படுவதற்கு ஓர் உயிரில்லாத இடத்தில், தன் ஒருவனுடைய வயிற்றுக்கு மாத்திரம் பயன்படுவதைப் பொறாமல், அவன் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

தீவகத்துக்குப் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் செல்வத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆபுத்திரனுடைய நினைவே வருகிறது. பாத்திரத்துக்குக் குறைவில்லை. இராஜகோபுரங்கள் எழும்புகின்றன, மடங்கள் பளிங்குத் தரை பெறுகின்றன, பாடசாலைகளுக்கு மாடிக் கட்டடமும் கணினியும் வருகின்றன. ஆனித் திருவிழாவின்போது நயினாதீவில் கால் வைக்க இடமிராது. தேர் இருப்புக்கு வந்து, விமானங்கள் பறந்தபின், மாடி கட்டிய பாடசாலையில் வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பிள்ளைகள் இல்லாமலே மூடுண்ட பாடசாலைகளும் உண்டு. செட்டிநாட்டிலும் இதைக் கண்டிருக்கிறோம்: பர்மாத் தேக்கில் எழுந்த மாளிகைகள், 1942க்குப் பிறகு அந்தப் பொருள்வழி அற்றுப்போனபின், ஒரு கலியாணத்துக்குத் திறந்து மறுபடி பூட்டப்படும் சத்திரங்களாயின. சீனத்தின் குவாங்டொங் மாகாணத்துக் கைபிங்கில், கடல் கடந்த சீனர் அனுப்பிய பணத்தில் எழுந்த கோபுர வீடுகள் 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. பார்க்க வருகிறவர்கள் திரளாக வருகிறார்கள், அவற்றுள் பலவற்றில் அடுப்பு எரிவதில்லை.

மீண்டு வந்தவர்களுள் மிக உயர்ந்த உதாரணம் ஒன்று இத்தீவகத்துக்கே உரியது. 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தவர், தந்தை வழியில் நெடுந்தீவார், தனிநாயகம் அடிகள். உரோமாபுரியில் குருத்துவக் கல்வியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் பயின்று, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற மூலகாரணமாகி, கோலாலம்பூரில் 1966இல் முதல் மாநாட்டைக் கூட்டியவர். அவர் தமது அநுபவத்தையும் தம்முடைய உலகத் தொடர்புகளையும் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு ஓய்வெடுக்க வரவில்லை. வந்த ஊருக்கே அவற்றைக் கொண்டுவந்தார். நான்காம் மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியது. அதன் இறுதி நாளில் விழுந்த உயிர்ப்பலி அவரை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஆனாலும் அவர் மறுபடி கப்பலேறிவிடவில்லை. 1980 செப்டெம்பர் முதலாந் திகதி இந்த மண்ணிலேயே கண் மூடினார்.

எல்லாரும் தனிநாயகம் அடிகளாக முடியாது. அப்படி எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மீளுகிறவருள் அநேகர் முதியவர்கள். அவர்களுக்கு வேண்டியது நடுநிசியில் நெஞ்சு வலித்தால் ஒரு வைத்தியர். ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை உண்டு. நெடுந்தீவிலோ கடும் நோயாளியைக் கடல் கடத்தியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், அதற்கும் கடல் இடங்கொடுக்க வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசல் இயந்திரங்களே மின்சாரம் தந்து வந்தன. சூரியனையும் காற்றையும் கொண்டு அவற்றுக்கு ஒளியூட்ட இந்திய நன்கொடையில் ஒரு திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. 2017இல் ‘நெடுந்தாரகை’ என்ற பயணிகள் படகு வந்தபோது நெடுந்தீவார் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் படகு ஓட்டவும் ஊசி போடவும் கணிதம் கற்பிக்கவும் அங்கேயே குடியிருந்து உழைக்கும் மனிதர்கள் வேண்டும், அவர்கள்தாம் இல்லை. ஆசிரியர்களும் தாதியரும் அரசாங்க உத்தியோகத்தரும் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்திலும் படகிலும் வந்து, மாலையில் கடைசிப் படகைப் பிடிப்பதற்கு ஓடுகிறார்கள். தீவுக்கு மாற்றம் கிடைத்தவர் அந்த மாற்றத்தை இரத்துச் செய்யவே ஆள் பிடிக்கிறார். அவரைக் குறை சொல்வது தகாது; தங்குவதற்கு யோக்கியமான வீடு கிடைப்பதில்லை.

வீடுகளோ இருக்கின்றன. புதுப்பித்து, சாயம் பூசி, இரும்புப் படலை போட்டு, வருஷத்தில் மூன்று வாரத்துக்காகப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் வேலணையிலும் புங்குடுதீவிலும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. திறப்பு ஐரோப்பாவில் இருக்கிறது. அவற்றில் ஓர் ஆசிரியர் குடும்பத்தையோ தாதியையோ குடியிருத்தினால் என்ன என்று நான் வெளிநாட்டு நண்பர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். பத்தாண்டு இருந்துவிட்டால் வீடு போய்விடும் என்றே எல்லாரும் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. உரியவனுடைய அனுமதியோடு குடியிருப்பவன் அந்த இருப்பைக் காட்டிக் காணிக்கு உரித்துக் கோர முடியாது. நொத்தாரிசு முன்னிலையில் குடியிருப்பு அனுமதி ஒன்றை எழுதிக் கைச்சாத்திட்டு வைத்துக்கொண்டால் எவ்வித ஐயமும் இல்லை. இங்கே வந்து போகிறவர்கள் அடுத்த பிரயாணத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு காலைப்பொழுது வேலை அது.

என் அண்ணை தம் வீட்டின் மேற்குப் பாதியைச் சென்ற தை மாதத்திலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியைக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் வவுனியாவைச் சேர்ந்தவர். கணவரும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருக்கிறார்கள். ஆச்சியிடம் கேட்டு, காலையில் ஒரு நேரமும் மாலையில் ஒரு நேரமுமாக மூன்று வீட்டாரும் முறைவைத்து இறைக்கிறார்கள்.